பள்ளி ஆய்வுக் கட்டுரை: கேளுங்கள், டீச்சர் பதில் சொல்கிறார்

"எரிமலைகள்"னு தலைப்பு எடுத்திருக்கேன் டீச்சர். நிறைய படிச்சிட்டேன், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. (பத்தாம் வகுப்பு மாணவர்)

அது ஒரு கட்டுரைக்குள் அடங்காது தம்பி. இன்னும் ஒரே ஒரு நாள் பொதுவாகப் படி. படிக்கும்போது "ஏன்?", "எப்படி?" என்று மனதில் எழுவதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வா.

இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. மறு ஆண்டு 1816-ஐ "கோடை இல்லாத ஆண்டு" என்றே வரலாறு குறிப்பிடுகிறது. வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது, ஐரோப்பாவில் பயிர்கள் கெட்டன. எங்கோ வெடித்த மலை இன்னொரு கண்டத்தின் வயலை எப்படித் தொட்டது? இதைப் படித்ததும் உனக்கு ஆவல் வருகிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொள். "தம்போரா வெடிப்பு 1816-ல் மேற்கு ஐரோப்பாவின் விளைச்சலை எந்த அளவுக்குப் பாதித்தது?" என்று இடமும் காலமும் வைத்துக் கேட்டுவிட்டால், தேட வேண்டியவை தாமாகவே வரிசைகட்டும்: வெளிவந்த கந்தக டை ஆக்சைடு, அது வளிமண்டலத்தின் மேலடுக்கில் சல்பேட் துகள்களாகி வெயிலை மறித்த விதம், அந்த ஆண்டின் தானிய விலை, அக்கால நாட்குறிப்புகள். கேள்வி கிடைக்கும்வரை நோட்ஸ் எடுக்காதே. எடுத்தால் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதி வைப்பாய்.

மையக் கருத்தை முதல்லயே முடிவு பண்ணணுமா டீச்சர்?

தற்காலிகமாக ஒன்று எழுதிக்கொள், சான்றுகளைப் பார்த்தபின் திருத்து. யாராவது மறுத்துப் பேச இடமிருந்தால்தான் அது மையக் கருத்து. "தம்போரா மிகப் பெரிய வெடிப்பு" என்பதை யார் மறுப்பார்? "பயிரைக் கெடுத்தது குளிர்தான், ஆனால் நெப்போலியப் போர்களால் ஐரோப்பா ஏற்கெனவே களைத்திருந்ததால்தான் அது பஞ்சமாக முற்றியது" என்று எழுது. இப்போது நீ நிறுவிக் காட்ட ஒன்று இருக்கிறது.

விக்கிப்பீடியா கூடாதுன்னு சொல்றாங்களே?

படிக்கலாம், சான்றாகக் காட்ட வேண்டாம். பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைப் பிடித்து மூலத்துக்குப் போ. மூலத்தையும் சோதித்துப் பார். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரை 1998-ல் 'லான்செட்' என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழிலேயே வந்தது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. பழைய கட்டுரையை மட்டும் பார்த்தவர் ஏமாந்துதான் போவார்.

வணக்கம் டீச்சர். என் மகள் காப்பி அடிக்கவில்லை, சொற்களை மாற்றித்தான் எழுதினாள். ஆனாலும் கருத்துத் திருட்டு என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா?

உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. பெரும்பாலான பிள்ளைகள் திருடும் எண்ணத்தில் இதைச் செய்வதில்லை, நோட்ஸ் எடுக்கும் முறைதான் அவர்களை இங்கே கொண்டுவந்து விடுகிறது. மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதினால், சொல் மாறினாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே வந்துவிடும். படித்ததும் பக்கத்தை மூடச் சொல்லுங்கள். புரிந்ததை நினைவிலிருந்து எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். நோட்டில் மூன்று வகையையும் கலக்கக் கூடாது: மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்த வரிகள், தன் சொற்களில் எழுதிய சுருக்கம், அவளுக்கே தோன்றிய எண்ணம். முதல் இரண்டின் பக்கத்திலும் நூலின் பெயரும் பக்க எண்ணும் அப்போதே இருக்க வேண்டும். தன் சொற்களில் எழுதினாலும் கருத்து இன்னொருவருடையது என்றால் அவர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இதை வகுப்பில் முன்பே சொல்லித் தராமல் மதிப்பெண்ணை மட்டும் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. திருத்தி எழுத ஒரு வாய்ப்புக் கேளுங்கள், தவறே இல்லை.

முன்னுரையிலேயே மூணு நாளா நிக்கிறேன்.

விட்டுவிடு. நன்றாகத் தெரிந்த பகுதியிலிருந்து தொடங்கு, முன்னுரையைக் கடைசியில் எழுது. என்ன சொல்லப் போகிறாய் என்பது அப்போதுதான் உனக்கே தெளிவாகியிருக்கும். முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரே வரியில் எழுதிப் பார். ஒரு வரிக்குள் அடங்காத பத்தியை உடை. இரண்டு பத்திகள் ஒரே வரியைச் சொன்னால் ஒன்றை எடுத்துவிடு.

ஏஐ கிட்ட எழுத வாங்கலாமா?

முதலில் உன் பள்ளியின் விதியைக் கேள். விதி அனுமதித்தாலும், அது தரும் நூல் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்காமல் சேர்க்காதே. இல்லாத நூலை இருப்பதுபோல அது எழுதிவிடும்.

1,500 சொல் கேட்டாங்க. 900-லயே முடிஞ்சிருச்சு டீச்சர்.

நீளம் தரமாகிவிடாது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை 1953-ல் 'நேச்சர்' இதழில் ஏறக்குறைய ஒரு பக்கத்தில்தான் வந்தது. ஆனால் பள்ளிக் கட்டுரை குறையும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் ஓட்டை இருக்கும். சான்றை வைத்துவிட்டு, அது உன் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்காமல் அடுத்ததற்குத் தாவியிருப்பாய். இல்லையென்றால், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதைத் தொட்டிருக்கவே மாட்டாய். அந்த இரண்டையும் நிரப்பு. அப்படியும் குறைந்தால் கூட்டிக் கட்டாமல் ஆசிரியரிடம் போய்ப் பேசு. போகும்போது மேற்கோள் முறை எம்.எல்.ஏ.வா, ஏ.பி.ஏ.வா (எடுத்தாண்ட நூல்களின் விவரத்தை எழுதும் இரண்டு முறைகள்) என்றும் கேட்டு வந்துவிடு, நூல் பட்டியலைக் கடைசி இரவில் மாற்றி எழுத நேர்ந்தால் பிழை மலியும்.