போட்ட பணமும் கையில் இருக்கும் பணமும்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் நகையை அடகு வைத்து, ஆறரை லட்சம் போட்டு, ஆரி வேலையும் பிளவுஸ் தையலுமாகக் கடை திறந்தேன். மாதம் எட்டாயிரம் கையைவிட்டுப் போகிறது. மூடிவிடலாமா என்றால், “இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா அத்தனையும் வீண்” என்கிறார் கணவர். ‘துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்று குறளையும் இழுக்கிறார். உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுப்பது எப்படி?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வது 467ஆம் குறள். அதே அதிகாரத்தில் 463ஐயும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். வரப்போகும் லாபத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் காரியத்தில் அறிவுள்ளவர்கள் இறங்கமாட்டார்கள் என்கிறார் வள்ளுவர். ஆளுக்கொரு குறள் கிடைக்கும். நாம் கணக்குக்கு வருவோம்.

கடையை நடத்தினாலும் மூடினாலும் போன பணம் போனதுதான். அதை முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். பெரிய அரசாங்கங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 1962இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய கான்கார்ட் விமானத்துக்குச் செலவு எகிறிக்கொண்டே போனது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் கட்டியது மொத்தமே 20 விமானம். இந்தத் தவறுக்கே கான்கார்ட் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது மிச்சமிருப்பது என்ன? திரும்பி வரும் அட்வான்ஸ், பாதி விலைக்காவது போகும் மிஷின்கள், நூல், மணி, ஜர்தோசி. விற்றால் ஒன்றரை லட்சம் தேறும் என்று வையுங்கள். கடையே இல்லை, கையில் அந்த ஒன்றரை லட்சம் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு அதே தெருவில், அதே வாடகைக்கு இந்தக் கடையைத் திறப்பீர்களா? இதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

எட்டாயிரம் என்பது எந்த மாதக் கணக்கு என்று எழுதவில்லை. கல்யாண பிளவுஸுக்கு ஆடியும் மார்கழியும் மந்தம், தையும் வைகாசியும் ஆவணியும் மூச்சுவிட நேரமிருக்காது. 12 மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை குனிந்து ஆரி போடுகிறீர்களே, அந்தக் கூலியை எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். நகைக்கடன் வட்டியைத் தனியாக வையுங்கள். கடையை மூடினாலும் அது ஓடும், அட்வான்ஸ் வந்ததும் அதை அடைக்கும் வரை.

அப்புறம், விசாரிக்கும்போது நன்றாக ஓடும் கடைக்காரரை மட்டுமே கேட்கிறோம். உங்கள் ஏரியாவில் பொட்டிக் வைத்து மூடியவரைத் தேடிப் பிடியுங்கள். ஆர்டர் எப்போது குறைய ஆரம்பித்தது, மிஷின் என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கணவரோடு வாதாட வேண்டாம். “எது நடந்தா மூடலாம்னு ஒத்துக்குவீங்க?” என்று மட்டும் கேளுங்கள். தை முடிவதற்குள் மாதம் இத்தனை பிளவுஸ் என்று ஓர் எண் சொன்னால், தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எதுவுமே சொல்ல முடியவில்லை என்றால், அவரைத் தடுப்பது பணமில்லை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். அதற்குக் கணக்கு நோட்டு உதவாது, உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கடையை மூடினால் தொழிலை விட்டதாக அர்த்தமில்லையே, வீட்டிலிருந்தே ஆரி ஆர்டர் எடுக்கலாம், வாடகை மிச்சம்.

எதற்கும் வாடகை அக்ரிமென்டை எடுத்துப் பாருங்கள். காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.