கசப்பு மாத்திரையும் பாளை விட்ட மரமும்

வணக்கங்க அண்ணா,

எங்கள் தோட்டம் ஆனைமலைப் பக்கம். ஐந்து ஏக்கர் தென்னை. நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் எங்கள் மரங்களுக்கு வேர் வாடல் நோய் வந்திருப்பது உறுதியானது. பார்க்க வந்த அதிகாரி, இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, காய்ப்பு விட்டுப்போன மரங்களை எடுத்துவிடுங்கள், மற்றதாவது தப்பட்டும் என்றார். 72 மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டோம். அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினார். ஆனால் ஆள் மட்டும் வரச் சொல்லவில்லை. கேட்டால், "பாளை உட்டுட்டு நிக்குது, இதப் போயி எப்படிக் கண்ணு வெட்டச் சொல்றது?" என்பார். நான்கு மாதம் கழித்து 71 மரம் வெட்டினோம். கிணற்றோரத்து மரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

இதை ஒரு கட்டுரையாக எழுதினேன். அதில் "அப்பாவுக்கு இது விழுங்கக் கடினமான மாத்திரையாக இருந்தது" என்று ஒரு வரி. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா அதைப் படித்துவிட்டு, "தென்னந்தோப்புக்குள்ள மாத்திரை எங்கிருந்து அம்மிணி வந்துச்சு?" என்று கேட்டார். நாள் முழுக்க ஆபீசில் ஆங்கிலம் பேசிப் பேசி எனக்கு அப்படித்தான் வருகிறது. "பிட்டர் பில் டு ஸ்வாலோ" என்பதற்குத் தமிழில் சரியான தொடர் எது? இல்லையென்றால் நான் எழுதியதையே வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் மாமா கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த தொடர் என்பதற்காக எதையும் தள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேனிலவு, பனிப்போர், முதலைக் கண்ணீர் எல்லாம் அப்படி வந்தவைதான். கல்யாணப் பேச்சில் நம் ஊர்ப் பெரியவர்களே "பொண்ணு வீட்டுல பச்சைக்கொடி காட்டிட்டாங்க" என்கிறார்கள். ஈரோடு ஜங்ஷனில் கார்டு கொடி அசைப்பதைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தொடர் அந்நியமாகத் தெரியவில்லை, ஒட்டிக்கொண்டது.

மாத்திரை ஏன் ஒட்டவில்லை என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் "பில்" என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். சின்ன உருண்டை என்று பொருள். அந்தக் காலத்து மாத்திரைகள் உண்மையிலேயே உருண்டைதான், கையால் உருட்டியவை. இன்றைக்கு உள்ளதுபோல் மேலே வழுவழுப்பான பூச்சு கிடையாது. நாக்கில் பட்டால் கசப்பு ஒட்டிக்கொள்ளும். அதனால் நோயாளியை ஏமாற்ற அதன்மேல் தங்கத் தாளோ வெள்ளித் தாளோ சுற்றிக் கொடுக்கும் வழக்கம்கூட இருந்தது. கெட்ட செய்தியை இனிக்கச் சொல்வதை அவர்கள் "மாத்திரைக்குத் தங்கம் பூசுவது" என்று சொன்னது அதனால்தான். பிறகு சர்க்கரைப் பூச்சு வந்தது, பேச்சும் சர்க்கரைக்கு மாறியது. இப்படி வாயால் பட்டு அறிந்த அனுபவத்திலிருந்து வந்த தொடர் அது.

நமக்கும் அந்தக் கசப்பு தெரியாதது இல்லை. வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்று ஒரு ஊர் இருக்கிறதல்லவா, மலேரியாவுக்கான கொய்னா எடுக்கும் மரம் வளர்த்ததால் வந்த பெயர் அது. எங்கள் அமுச்சி பாகற்காய் கொஞ்சம் முற்றிவிட்டால்கூட "கொய்னாவாட்டம் கசக்குது" என்பார். ஆனால் அந்த அமுச்சியின் வாயில் கொய்னா நாக்கோடு நின்றுவிட்டது. பாட்டனார் இறந்தபோதும், காடு விற்றபோதும் அவர் மாத்திரையைத் தேடிப் போகவில்லை. தமிழில் மாத்திரை என்ற சொல்லே முதலில் அளவைக் குறிப்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். உருண்டையையும் கசப்பையும் விழுங்கும் சிரமத்தையும் அந்தச் சொல் தானாகக் கொண்டுவருவதில்லை.

சரி, கசப்பு மருந்து என்று மாற்றிவிடலாமா? அது பத்திரிகைத் தமிழில் நன்றாகவே குடியேறிவிட்டது. ஆனால் அதை யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கட்டணத்தை ஏற்றுகிறவர், சலுகையை நிறுத்துகிறவர், ஆளைக் குறைக்கிற முதலாளி. "கசப்பு மருந்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஆங்கிலத்தில் விழுங்குகிறவர் தன் வேதனையைச் சொல்லும் தொடர் அது. தமிழுக்கு வரும்போது கொடுக்கிறவர் பக்கம் சாய்ந்துவிட்டது. உங்கள் வரியில் எனக்கு உறுத்தியதும் இதுதான். அதைப் படிக்கும்போது நான் உங்கள் அப்பாவின் அருகில் நிற்கவில்லை. குறி போட வந்த அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று, "பாவம், இவர் விழுங்கித்தான் ஆகவேண்டும்" என்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவரின் கசப்பைத் தமிழ் பேசாமல் இல்லை. "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்" என்று குறள் 389 சொல்கிறது. கசப்பை வள்ளுவர் காதில் வைத்தார். காது கசக்கும்படி சொன்னாலும் பொறுத்துக் கேட்கிற அரசன். தொல்காப்பியத்தில் வாயுறை வாழ்த்து என்று ஒன்று வருகிறது, "வேம்பும் கடுவும் போல" இருக்கும் சொல், பின்னால் நன்மை தரும் அறிவுரை. இரண்டுமே அழகானவை. ஆனால் இரண்டும் சொல்லைப் பற்றியவை. உங்கள் அப்பாவுக்கு அதிகாரியின் சொல் கசக்கவில்லையே. அவர் கேட்டார், புரிந்துகொண்டார், சரி என்றார். அவருக்குச் சிக்கல் அதற்கு அப்புறம் தொடங்கியது.

அந்த இடத்துக்கு நம் பக்கத்துப் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது: மனசு ஒப்பல. அறிவு ஒத்துக்கொள்ளும், வாய் சரி என்று சொல்லும், மனசு ஒப்பாது. அப்புறம் செமிக்கல. நடந்து முடிந்தது உள்ளே போய்விட்டது, ஆனால் கரையாமல் கிடக்கிறது. அப்புறம் ஆறல. புண்ணுக்கும் கொதித்த பாலுக்கும் சொல்கிற அதே ஆறுதல். கடைசியில் தேறுவது. கலங்கின தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் மண் அடியில் தங்கி மேலே தெளியுமே, அந்தத் தெளிவுக்குப் பக்கத்தில் இருக்கிற சொல். ஒரே மடக்கில் விழுங்கி முடிக்கிற காரியமாக நம் மக்கள் இதைப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற ஒன்றுக்கு நிலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா பல்லடம் பக்கம் எட்டு நாடா தறி ஓட்டினார். பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்கிற தறிகள். கூலி கட்டவில்லை, ஆள் கிடைக்கவில்லை, கரண்டு பில் ஏறிக்கொண்டே போனது. மூன்று வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு, எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவரேதான் முடிவெடுத்தார். காயலான் கடைக்காரர் மறுநாள் காலையில் வருவதாகப் பேச்சு. முந்தின நாள் பொழுதோட அப்பா எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு தறிக்குடோனுக்குள் போனார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எட்டுத் தறிக்கும், எப்போதும் விடுகிற இடங்களில் எல்லாம், ஒன்றுவிடாமல் எண்ணெய் விட்டார். விட்ட இடத்தில் வழிந்ததைத் துணியால் துடைத்தார். அம்மா வந்து, "நாளைக்கு ஒடைக்கறதுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த தறிக்கு நகர்ந்தார்.

தறிகள் போன பிறகும் காலை ஆறு மணிக்கு எழுந்து குடோனைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்திருப்பார். தரையில் எட்டுத் தறி நின்ற தடம் எண்ணெய்க் கறையாகத் தெரியும். கேட்ட சொந்தக்காரர்களிடம், "முடிவு பண்ணுனது நாந்தானுங்க மச்சான், ஆனா மனசு ஆறலீங்க" என்றார். ஒரு வருடம் போல ஆனது. அந்தக் குடோனில் ஆட்டுக்குட்டிகளைக் கட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள், "இப்பக் கொஞ்சம் தேறிட்டனுங்க" என்று அவரே சொன்னதைக் கேட்டேன். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு வருடம் இருக்கிறது. எந்த மாத்திரையைக் கொண்டுவந்து அங்கே வைப்பது?

ஆங்கிலத்திலும் இந்த நீளமான வேலைக்கு வேறொரு தொடர் உண்டு, "கம் டு டெர்ம்ஸ் வித்". எதிராளியோடு நிபந்தனை பேசி உடன்பாட்டுக்கு வருவது அதன் பழைய பொருள். பிறகு துக்கத்தோடும் இழப்போடும் உடன்பாட்டுக்கு வருவதற்கு அதைச் சொன்னார்கள். நாமும் "மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டேன்" என்கிறோம். சண்டை போட்ட இருவருக்கு நடுவே செய்கிற அதே சமாதானம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. உங்களுக்கு ஆங்கிலத் தொடர் ஒன்றின் துணை வேண்டுமென்றால், மாத்திரையைவிட இது உங்கள் அப்பாவுக்கு அருகில் இருக்கிறது.

இன்னொன்று. வேர் வாடலைப் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டு பத்தியாவது கூட்டுங்கள். நகரத்தில் இருந்து படிக்கிறவருக்கு அது தெரியாது, தெரியாவிட்டால் உங்கள் அப்பாவின் நான்கு மாதம் அவருக்குப் புரியாது. கேரளத்தில் 1882 வெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத மிகச் சின்ன பாக்டீரியா வகையால் வருவது, சாறு உறிஞ்சும் பூச்சிகளால் மரத்துக்கு மரம் பரவுவது. ஓலையின் கீற்றுகள் விலா எலும்புபோல் உள்பக்கமாக வளையும், மட்டை மஞ்சளாகும், ஓரம் கருகும், காய் குறைந்துகொண்டே வரும். ஆனால் மரம் சட்டென்று சாகாது. வருடக்கணக்கில் நிற்கும், பச்சை இருக்கும், பாளையும் விடும். வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத நோய் மரத்தை எடுத்துவிடச் சொல்வது அது பக்கத்து மரத்துக்குப் பரப்பக்கூடாது என்பதற்காக.

செத்த மரத்தை வெட்ட யாருக்கும் மனசு ஒப்பும். இடி விழுந்த மரத்தை மறுநாளே அறுத்துவிடுகிறோம். பொள்ளாச்சிப் பக்கம் 2016-இல் சுருள் வெள்ளை ஈ வந்தபோது ஓலை முழுக்கக் கரியாகப் படிந்தது, ஆனாலும் மரத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். இங்கே இரண்டும் இல்லை. உயிரோடு நிற்கிறது, காப்பாற்றவும் முடியாது, வெட்டச் சொல்ல வேண்டியவர் வளர்த்தவரே. இந்த முடிச்சை நான் இத்தனை வாக்கியத்தில் சொல்கிறேன். உங்கள் அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "பாளை உட்டுட்டு நிக்குது, இதப் போயி எப்படிக் கண்ணு வெட்டச் சொல்றது?"

நீங்கள் தேடுகிற தொடர் இதுதான் அம்மிணி. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கட்டுரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் மாத்திரை வரியை எடுத்துவிட்டு அங்கே இதை வையுங்கள். "உட்டுட்டு" என்பதை "விட்டுவிட்டு" என்று திருத்தாதீர்கள். அதற்குப் பின்னால் விளக்கமும் எழுதாதீர்கள். நான்கு மாதம் கழித்து ஆள் வந்தது என்று அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

ஆங்கிலத்தில் யோசிப்பதைப் பற்றி நீங்கள் ரொம்ப வெசனப்பட வேண்டாம். எட்டு மணி நேரம் ஒரு மொழியில் வேலை பார்த்தால் அது கையோடு வரத்தான் செய்யும். எழுதி முடித்ததும், இந்த வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினால் தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று மட்டும் பாருங்கள். மாத்திரை வரியைப் படித்தால், "யாருக்குக் கண்ணு மேலுக்குச் சரியில்ல?" என்றுதான் அவர் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கிணற்றோரத்து மரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 71-ஐ வெட்டச் சொன்னவர் அந்த ஒன்றை ஏன் விட்டார்? யார் வைத்த மரம் அது? அதன்மேல் போட்ட சிவப்புக் குறி இன்னும் இருக்கிறதா? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அது தெரிந்த பிறகு கட்டுரையை மறுபடி அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்