டீச்சரைக் கேளுங்கள்: மார்க் ஏறியது யாரால்?

கேள்வி: தாராவியில் நாங்கள் சில குடும்பங்கள் பணம் போட்டு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மூலம் வாசிப்பு வகுப்பு நடத்தினோம். ஜூனில் பத்துக்கு மூன்று வாங்கியவர்கள் மார்ச்சில் ஆறு வாங்குகிறார்களாம். அடுத்த வருடத்துக்கும் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா டீச்சர்?
- 90 அடி ரோடு வாசகி

பதில்: இந்த வகுப்பே நடக்காமல் இருந்திருந்தால் மார்ச்சில் எத்தனை வாங்கியிருப்பார்கள் என்று அவர்களைக் கேளுங்கள் அம்மா. ஒன்பது மாதத்தில் பிள்ளை வளர்கிறது. வகுப்பு டீச்சரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை (டீச்சராக இருந்தவள், இதைச் சொல்லாமல் விடமாட்டேன்). தவிர, குறைந்த மார்க் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கினால், அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து எழுதியவனும் அதில் இருப்பான். அடுத்த தேர்வில் அவன் மார்க் தானாகவே ஏறும்.

இதைச் சரியாகச் செய்து பார்த்ததும் நம் மும்பையில்தான். 2001 முதல் 2003 வரை, இங்கேயும் வடோதராவிலும், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ‘பால்சகி’ திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆராய்ந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி (அவள்தான் பால்சகி), பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு பால்சகி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு வகுப்பு, மீதியில் வேறொரு வகுப்பு. அதனால் ஒரே வகுப்பை, பால்சகி உள்ள பள்ளியிலும் இல்லாத பள்ளியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. எந்தப் பள்ளிக்கும் வெறுங்கை இல்லை என்பதால் தலைமையாசிரியர்களுக்கும் மனத்தாங்கல் வர இடமில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில், பால்சகி இல்லாத வகுப்பைவிட மார்க் 0.28 திட்ட விலக்கம் (மார்க் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை வைத்து அளக்கும் அலகு) உயர்வு. அதாவது நூறு பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கிற பிள்ளை பத்துப் பதினொரு இடம் முன்னே போகும். பலன் பெரும்பாலும் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கே. ஆனால் திட்டம் நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அது சுமார் 0.10-க்கு இறங்கியிருந்தது. உங்கள் நிறுவனம் மார்ச் மார்க்கைக் காட்டினால், அடுத்த மார்ச்சையும் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தீபாவளி வரைக்கும்தான் பணம் தருவேன். பின்தங்கிய பிள்ளைகள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதிப் பேரை ஜூனிலேயே சேர்க்கட்டும்; மீதிப் பேர் தீபாவளிக்கு அப்புறம். நடுவில் இரண்டு கூட்டத்தையும் வெளியாள் ஒருவர் சோதிக்கட்டும். அன்றைக்கு வராத பிள்ளையை வீடு தேடிப் போய்ச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வராமல் போவது பெரும்பாலும் படிக்கத் திணறுகிற பிள்ளைதான். ஒரு பள்ளி, முப்பது பிள்ளை என்றால் துல்லியமான விடை கிடைக்காது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் தெரியும்.

கேள்வி: மார்க் ஷீட்டில் நம்பிக்கை இல்லை. நானே பிள்ளையைச் சோதிப்பது எப்படி?
- அன்டாப் ஹில் வாசகர்

பதில்: பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க 2005-இல் தொடங்கிய ‘அசர்’ ஆய்வின் வழி சுலபமானது. நான்கு படி: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிலை. பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள் சார், பாதிப் பேர் அதை மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள்.