மீனின் வளர்ச்சியில் ஹார்மோனுக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு?

ஹார்மோன் என்பது உடலின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தோடு போய், இன்னோரிடத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் பொருள். ஒரு மரபணு இயங்கி, அதற்குரிய புரதம் உருவாவதுதான் மரபணு வெளிப்பாடு. கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கும். எது, எங்கே, எப்போது இயங்குகிறது என்பதில்தான் விஷயமே.

மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணு இயங்குகிறது. அந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் அங்கே இன்னொரு மரபணுவை முடுக்கிவிடும். அதிலிருந்து வரும் ஐஜிஎஃப்-1 என்ற புரதம் எலும்பையும் தசையையும் வளர்க்கும்.

இதற்கு நல்ல உதாரணம், 2015-இல் அமெரிக்காவில் உண்ண அனுமதி பெற்ற அக்வாஅட்வான்டேஜ் சால்மன். அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்தார்கள். சரி, வைத்தால் போதுமா? அதை இயக்கும் டிஎன்ஏ துண்டு வேண்டுமே! அதை ஓஷன் பவுட் என்ற குளிர்கடல் மீனிடமிருந்து எடுத்தார்கள். என்னைக் கேட்டால் கெட்டிக்காரத்தனம் இதில்தான். சில மணி நேரமே கரன்ட் வரும் லைனில் ஓடிய வயல் மோட்டாரை 24 மணி நேர லைனுக்கு மாற்றியதுபோல, ஹார்மோன் வருடம் முழுக்கச் சுரந்தது. சாதாரண சால்மனுக்குச் சுமார் 3 வருடம் பிடிக்கும் விற்பனை எடையை இந்த மீன் ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் எட்டியது.

அப்புறம், இந்த மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதன் உடலே சுரக்கிறது. ராட்சத மீனாகவும் அது ஆவதில்லை, சீக்கிரம் வளர்கிறது, அவ்வளவுதான்.