சமாதானத்துக்கு ‘வேண்டாம்’ என்று ஒரு வாக்கு: கொலம்பியாவும் பால்நிலை அச்சமும்

கொலம்பிய அரசாங்கம் FARC கிளர்ச்சி இயக்கத்துடன் செய்த சமாதான உடன்படிக்கையை 2016இல் அந்நாட்டு மக்கள் சர்வசன வாக்கெடுப்பில் நிராகரித்தது பற்றியும், அதில் பால்நிலை எதிர்ப்புப் பிரசாரத்துக்கு இருந்த பங்கு பற்றியும் கொழும்பு வாசகர்கள் கேட்டவையும், இத்துறையில் ஆய்வு செய்யும் விரிவுரையாளர் அளித்த பதில்களும்.

கொட்டாஞ்சேனை, ஆசிரியை: அரை நூற்றாண்டுப் போரை முடிக்கும் ஓர் உடன்படிக்கைக்கும் பால்நிலைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு பாடசாலையில் தொடங்கியது என்பதே உங்களுக்கான விடை. செர்ஹியோ உரேகோ என்ற மாணவர், தன்பாலீர்ப்பின் காரணமாகப் பாடசாலையில் துன்புறுத்தப்பட்டு 2014இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில், பாடசாலைகளின் ஒழுங்கு விதிகள் பாகுபாடற்றவையா என மீளாய்வு செய்யுமாறு அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. அதையொட்டிக் கல்வி அமைச்சு பாடசாலைகளில் பாகுபாட்டைத் தவிர்ப்பதற்கான கையேடு ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அதனுடன் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுச் சித்திரக்கதைப் படங்கள் ‘அரசாங்கத்தின் பாடநூல்’ என்று பரப்பப்பட்டன. 2016 ஓகஸ்ட் 10 அன்று பல நகரங்களில் பெற்றோர் திரளாக வீதிக்கு இறங்கினர். வாக்கெடுப்பு நடந்ததோ ஒக்டோபர் 2ஆம் திகதி. இடையில் இரண்டு மாதங்கள்கூட இல்லை. அன்றைய கல்வி அமைச்சர் ஹினா பரோடி தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்தவர். அவரே பின்னர் ‘ஆம்’ பிரசாரத்தில் முன்னின்றார். பேச்சுவார்த்தை நடந்த கியூபத் தலைநகர் ஹவானாவில் எழுதப்பட்ட 297 பக்க உடன்படிக்கையிலும் பால்நிலை என்ற சொல் பரவலாக இடம்பெற்றிருந்தது. கிராமப் பெண்களுக்குக் காணியுரிமை, போர்க்காலப் பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு இல்லை என்பன போன்ற ஏற்பாடுகளையே அது குறித்தது. ஆயினும் கையேட்டின் மீது மூண்ட கோபம், வாசிக்கப்படாத அந்தப் பக்கங்களின் மீது எளிதாகத் திருப்பிவிடப்பட்டது.

வெள்ளவத்தை, சட்டக்கல்லூரி மாணவர்: அப்படியானால் இந்தப் பிரசாரம்தான் தோல்விக்குக் காரணம் எனலாமா?

கூடாது. ‘வேண்டாம்’ 50.2 வீதம், ‘ஆம்’ 49.8 வீதம், வித்தியாசம் 54,000 வாக்குகளுக்கும் குறைவு. வாக்களித்தோர் 38 வீதத்தைக்கூட எட்டவில்லை. அன்று கரீபியக் கரையோரத்தைப் புயலும் மழையும் தாக்கியிருந்தன. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் எந்தவொரு காரணத்தையும் தீர்மானகரமானது என்று வாதிட முடியும். அதனாலேயே எதையும் தனித்துச் சொல்ல இயலாது. போராளிகள் சிறை செல்லாமல் தப்புவார்கள், அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸில் ஆசனங்கள் பெறுவார்கள் என்ற எதிர்ப்பு வலுவாக இருந்தது. ‘வேண்டாம்’ தரப்பை வழிநடத்திய முன்னாள் ஜனாதிபதி உரிபேயின் செல்வாக்கும் பெரிது. மக்களைக் கொதிப்புடன் வாக்களிக்கச் செய்வதே நோக்கம் என்று, அவரது கட்சியின் ‘வேண்டாம்’ பிரசார முகாமையாளரே சில நாட்களின் பின் பத்திரிகையொன்றிடம் ஒப்புக்கொண்டார். மறுபுறம், 2002இல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்ட பொஹயா ஊரில் ஏறத்தாழ 96 வீதத்தினர் ‘ஆம்’ என்றனர். போரை நேரில் கண்டவர்களிடம் இந்த அச்சமூட்டல் எடுபடவில்லை என்றே நான் கருதுகிறேன், எல்லா ஊர்களுக்கும் இதைப் பொதுவிதியாக்க முடியாதெனினும்.

பம்பலப்பிட்டி, இல்லத்தரசி: நம்பிக்கையுள்ள மக்களை ஏமாளிகள் என்று சொல்கிறீர்களா?

இல்லை அம்மா. பிள்ளைக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. படங்கள்தாம் பொய்; கவலை பொய்யன்று. கத்தோலிக்க ஆயர்கள் எப்பக்கமும் சாராது மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார்கள்; சுவிசேஷ சபைப் போதகர்கள் பலர் ‘வேண்டாம்’ பக்கம் நின்றார்கள். குடும்பம் பறிபோகிறது என்று அஞ்சிய தாய்க்கு ‘ஆம்’ தரப்பு சட்ட வாசகத்தை நீட்டியது. என் கண்ணுக்கு அதுவே அவர்களின் பெரிய தவறு.

மருதானை, ஊடகவியலாளர்: பின்னர் என்ன நடந்தது?

உடன்படிக்கை திருத்தப்பட்டு நவம்பர் 24 அன்று பொகொட்டாவில் மீண்டும் கைச்சாத்திடப்பட்டது. இம்முறை மக்களிடம் செல்லாமல் காங்கிரஸே அதை அங்கீகரித்தது. பல இடங்களில் ‘பால்நிலை’ நீங்கி ‘ஆண்களும் பெண்களும்’ வந்தது. மத சுதந்திரம், குடும்பம் பற்றிய வாசகங்கள் சேர்ந்தன. பெண்களுக்கான முக்கிய ஏற்பாடுகள் நிலைத்தன.

தெமட்டகொடை, பெண்கள் அமைப்பு உறுப்பினர்: இங்கும் இப்படி நடக்குமா?

இங்கே சமாதான உடன்படிக்கை எதுவும் வாக்குக்கு விடப்பட்டதில்லை. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம் கிழக்கில் நடத்தச் சொன்ன வாக்கெடுப்பும் நடக்கவேயில்லை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அரசாங்கம், விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்புப் பெண்களும் கூடிய பால்நிலை உபகுழு, பேச்சுவார்த்தை முறிந்ததும் முடங்கிப்போனது. ஆனால் அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரைப்படி, ஒற்றையாட்சியையோ பௌத்தத்துக்குரிய முதன்மையையோ தொடும் எந்தத் தீர்வும் மக்கள் வாக்குக்குச் சென்றாக வேண்டும். 2024இல் பால்நிலை சமத்துவச் சட்டமூலத்துக்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. நாளை ஒரு தீர்வில் அதிகாரப் பகிர்வும் பால்நிலை சமத்துவமும் ஒன்றாக வந்தால், அதிகாரப் பகிர்வை எதிர்ப்பவர்கள் அதிகாரப் பகிர்வைப் பற்றியே பேச வேண்டியதில்லை; பால்நிலை அச்சத்தைக் கிளப்பினாலே போதும். ஆகவே பால்நிலை ஏற்பாடுகளை ஒளிக்காமல், விதவையின் காணி உறுதி, காணாமலாக்கப்பட்டவரின் மனைவிக்குரிய இழப்பீடு என்று பெயர் சொல்லி, வரைவு எழுதப்படும் நாட்களிலேயே கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் விளக்கத் தொடங்குங்கள்; திகதி அறிவித்த பின்னர் தொடங்கினால் காலம் போதாது.