'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறதே, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். செய்தாலும் மனத்தில் நிற்காது. நுணுக்கமான பொருள் வேறுபாடுகளைப் பிரித்து எண் போடுவது அகராதிக்காரர்களின் தொழில். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: 'கெட்' வந்தவுடன் அதன் பொருளைத் தேடாதீர்கள், அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால் அது நம் கைக்கு வருகிறது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது. 'ஐ காட் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்தது. 'கெட் சம் மில்க்' என்றால் பால் வாங்கி வா. தமிழில் வருதல், கிடைத்தல், வாங்குதல் என மூன்று வினைகள் தேவைப்படும் இடத்தில் ஆங்கிலம் ஒன்றை வைத்தே சமாளிக்கிறது. நாம் முயன்று பெற்றோமா, தானாக வந்ததா என்று அது கேட்பதில்லை. முன்பு இல்லாதது இப்போது இருக்கிறது, அவ்வளவுதான்.

பண்பைக் குறிக்கும் சொல் வந்தால் நிலை மாறுகிறது: 'கெட் ஆங்க்ரி' என்றால் கோபம் வருவது, 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'வென் டிட் யூ கெட் ஹோம்?' என்றால் எப்போது வீடு போய்ச் சேர்ந்தாய். பொருளோ, நிலையோ, இடமோ, இல்லாமல் இருந்து இருப்பதாக ஆகும் மாற்றம்தான் மூன்றிலும் இருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கவனிக்காதவர்கள் தடுமாறும் இடம் உடல்நலம். தலைவலியை மூன்று விதமாகச் சொல்லலாம். 'ஐ ஹாவ் காட் எ ஹெடேக்' என்றால் இப்போது தலை வலிக்கிறது. 'ஐ'ம் கெட்டிங் எ ஹெடேக்' என்றால் வலி இப்போதுதான் தொடங்குகிறது. 'ஐ கெட் ஹெடேக்ஸ்' என்றால் அடிக்கடி வருவது வழக்கம், இந்த நிமிடம் வலிக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர்கள் 'தலைவலி வருகிறது' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றுக்கும் 'ஐ'ம் கெட்டிங் ஹெடேக்' என்றே சொல்வார்கள். வெளிநாட்டில் ஒரு மருத்துவரிடம் இப்படிச் சொன்னால், பல மாதத் தொல்லையை இன்று காலை வந்த தொல்லையாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

திருமணத்திலும் இதே கதை. 'ஷி வாஸ் மேரீட் இன் 2010' என்றால் அந்த ஆண்டில் அவருக்குக் கல்யாணம் நடந்தது என்றும் கொள்ளலாம், அந்த ஆண்டில் அவர் ஏற்கெனவே மணமானவராக இருந்தார் என்றும் கொள்ளலாம். 'காட் மேரீட்' என்று சொல்லிவிட்டால் சந்தேகமே இல்லை, கல்யாணம் நடந்த ஆண்டு அதுதான்.

செயப்பாட்டு வினையில் 'கெட்' வருவதும் இதே வழியில்தான். 'ஹி காட் ஃபயர்ட்' என்றால் அவருக்கு வேலை போய்விட்டது. ஒருவருக்கு நல்லதோ கெட்டதோ நேர்ந்த இடத்தில் இது இயல்பாக ஒலிக்கும். ஈபிள் கோபுரம் 1889-இல் கட்டி முடிக்கப்பட்டது என்று சொல்ல 'காட் பில்ட்' என்றால் காது கூசும். அங்கே 'வாஸ்' போதும்.

பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பதற்கும் 'கெட்' உண்டு. முடிதிருத்தும் கடைக்குப் போய்வந்து 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். அதை 'ஐ கட் மை ஹேர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், கண்ணாடி முன் நின்று நாமே கத்தரிக்கோலை எடுத்ததாகக் கேட்பவர் நினைக்கலாம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆளைக் குறிப்பிட்டும் சொல்லலாம்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. பேசி, கெஞ்சி, எப்படியோ இணங்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்ற தொனி இதில் இருக்கிறது. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்தினேன் என்று ஆகிவிடும். 'காட்' வந்தால் 'டு' வேண்டும், 'மேட்' வந்தால் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

இத்தனை வேலைகளை ஒரு சொல் செய்வது தமிழருக்கு விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. நம் 'பிடி'யைப் பாருங்கள். பஸ் பிடிக்கிறோம், குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், சிலரைக் கண்டாலே பிடிப்பதில்லை. இதை யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. கணக்கு விளங்காவிட்டால் 'பிடிபடவில்லை' என்கிறோம். ஆங்கிலேயர் அதே இடத்தில் 'ஐ டோன்ட் கெட் இட்' என்கிறார்கள்.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் 'கெட்'. அதன் உறவுச் சொல் ஒன்று பழைய ஆங்கிலத்திலேயே கூட்டுச் சொற்களில் இருந்தது. 'ஃபர்கெட்' அப்படித் தப்பி வந்ததுதான். பிடியிலிருந்து நழுவவிடுவதுதான் அதன் பழம்பொருள். மூல வேரின் பொருள் பற்றுதல், பிடித்தல் என்கிறார்கள் மொழியியலாளர்கள். புரிந்துகொள்வதைக் குறிக்க லத்தீன் வழியாக வந்த 'காம்ப்ரிஹெண்ட்' என்ற பெரிய மனிதர் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நாம் 'கிரகித்துக்கொள்' என்கிறோமே, அந்த வடசொல்லின் அடிப்பொருளும் பற்றுவதுதான்.

'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் அலாங்' போன்ற கூட்டு வினைகளை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அவற்றைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம். இந்தியாவுக்குள் அது எல்லோருக்கும் விளங்கும், அதைத் தவறு என்று திருத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் லண்டனில் கூட்டமான பஸ்ஸில் திடீரென்று 'கெட் டவுன்' என்று உரக்கச் சொன்னால், ஏதோ ஆபத்து, குனிந்துகொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் அவுட் ஆஃப்'. ஏறுவதற்கும் அப்படியே: உள்ளே எழுந்து நடக்க இடமிருக்கும் வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு 'இன்'. சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்'தான், ஏனென்றால் மேலே அமர்கிறோம்.

கடைசியாக, எழுதும்போது கொஞ்சம் சிக்கனம் தேவை. பேச்சில் 'கெட்' எத்தனை முறை வந்தாலும் குறையில்லை. விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் 'ஐ காட் யுவர் லெட்டர்' என்று எழுதுவதைவிட 'ரிசீவ்ட்' என்று எழுதுவது நல்லது. அனுமதி பெற்றதைச் சொல்ல 'அப்டெய்ன்ட்' பொருந்தும். அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே 'காட்டன்' என்ற வடிவம் இன்றும் வழக்கில் இருக்கிறது. 'ஐ ஹாவ் காட்டன் எ விசா' என்றால் விசா வாங்கிவிட்டேன், 'ஐ ஹாவ் காட் எ விசா' என்றால் விசா என்னிடம் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டுக்கும் 'காட்' ஒன்றுதான் பொது வழக்கு.