எதிர்ப்பு சக்தி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 61 வயது. கொரோனா சமயத்தில் பிடித்த கபசுரக் குடிநீரை இன்னமும் விடவில்லை. போன வாரம் நடுராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, வலியில் அலறிவிட்டார். டாக்டர் கவுட் என்கிற மூட்டு நோய் என்றார். 'கிருமி எதுவும் இல்லை, உங்கள் எதிர்ப்பு சக்திதான் இந்த வேலையைச் செய்கிறது' என்றாராம். எதிர்ப்பு சக்தி நல்லதுதானே? ஒன்றும் புரியவில்லை.

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டர் சொன்னது சரிதான். என் பெரியப்பாவுக்கும் இது உண்டு. விரலில் போர்வை நுனி பட்டால்கூடத் தாங்கமாட்டார். காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டியபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்த யூரிக் அமிலத்தை வெள்ளையணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கியதும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சைட்டோகைனை வெளியே விடுகின்றன. சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி. இந்தச் சேதி பரவினால் ரத்தக்குழாய் விரியும், இன்னும் வெள்ளையணுக்கள் வந்து குவியும். மூளைவரை எட்டினால் காய்ச்சல்.

'சக்தி' என்று சொல்லிச் சொல்லி அதை டேங்கில் நிரப்புகிற பெட்ரோல் போல ஆக்கிவிட்டோம். கபசுரத்தைப் பழிக்கவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உண்மையில் அதில் தூண்டுவதும் உண்டு, அடக்குவதும் உண்டு. இன்டர்லூக்கின்-1 குடும்பத்தில் மொத்தம் 11 பேர். 7 பேர் வீக்கத்தை மூட்டிவிடுகிறவர்கள், 4 பேர் அடக்குகிறவர்கள். அடக்குகிறவர்களில் ஒருவர் இன்டர்லூக்கின்-1 ஆர்ஏ. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, இவர் அந்தத் துண்டு. செல்லின் மேல் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்வார்; சேதி எதுவும் உள்ளே போகாது. இன்டர்லூக்கின்-1க்கு இடம் இருக்காது, அவ்வளவுதான்.

இந்தத் துண்டே இல்லாமல் பிறந்தால்? அப்படி 9 குழந்தைகளைப் பற்றி 2009இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பிறந்த சில நாட்களிலேயே உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம், எலும்பில் வீக்கம். சீழைச் சோதித்தால் கிருமி இல்லை. ஆன்டிபயாட்டிக் எதுவும் கேட்கவில்லை. பிறகு அந்தப் புரதத்தையே மருந்தாகச் செய்த அனகின்ராவைத் தினமும் ஊசியாகப் போட்டார்கள். கொப்புளம் மளமளவென்று அடங்கிவிட்டது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியானால் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை ஒரேயடியாக அடக்கிவிட்டால்? மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசியைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நடு அளவு மருந்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள்.

அப்புறம், அப்பாவுக்கு டாக்டர் கோல்ச்சிசின் எழுதியிருக்கக்கூடும். வெள்ளையணுக்கள் மூட்டில் திரள்வதையும் பீட்டா வெளிவருவதையும் அது குறைக்கும். உங்கள் ஊர்ப்பக்கம் அரவக்குறிச்சி, மூலனூரில் பந்தல் கம்பியில் படரவிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். அதற்காக யாராவது சொன்னார்கள் என்று கிழங்கை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். உயிர் போய்விடும்.